சப்பாத்துத் தைப்பவன் பாடிக்கொண்டு வந்த நகரம்

எண்பதுகளின் இறுதியில் யூலண்டின் சிறு நகரமொன்றில், அகதிகளுக்கான மொழிப்பாடசாலையில் நாம் டெனிஷ் படிக்கத் தொடங்கியபோது எமக்குத் தெரிந்திருந்த ஒரேயொரு டெனிஷ்காரர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன்தான். அந்தப் பெயரைப் பெருமையோடு சொன்னபோது ஆசிரியைக்கு விளங்கவில்லை. இங்கே அவரை முழுப்பெயரில் எவரும் அழைப்பதில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹோ சே அனர்சன்' என்பார்கள். எம்மில் மூத்தவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் தான் பார்த்த ஆங்கிலப் படத்தைச் சொல்லி அதிலிருந்து ஒரு மெட்டையும் முணுமுணுத்தார். ஆசிரியையின் முகம் மாறிவிட்டது. "அது அமெரிக்கர்களின் அனர்சன். எங்களுடைய ஆள் இல்லை" என்றார்.

அந்தக் கோபம் அப்போது எமக்குப் புதினமாக இருந்தது. பின்னர் நூலகத்தில் வீடியோ கசற்றை எடுத்துவந்து பிள்ளைகளோடு பார்த்தோம்.

1952இல் சாமுவேல் கோல்ட்வின் தயாரித்து, சார்ள்ஸ் விடோர் நெறிப்படுத்திய படம் அது. பாடல்கள் பிராங்க் லோசருடையவை. அண்டர்சனாக நடித்தவர் டானி கே. ஓடென்சவும் கொப்பன்ஹேகனும் ஹொலிவூட் தளங்களில் பலகையாலும் சாயத்தாலும் எழுப்பப்பட்டவை. இது அவரது வாழ்க்கை வரலாறல்ல, அவரைப் பற்றிய ஒரு கற்பனைக் கதை என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுத் தப்பிக்கொள்கிறார்கள். ஆகவே பிழைகளைப் பட்டியலிடுவது சுலபம், பயன் குறைவு. சப்பாத்துத் தைத்தவர் அண்டர்சனல்ல, அவருடைய தகப்பன். பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பள்ளியைக் குழப்புகிறான் என்று ஊரவர்கள் முறைப்பட்டதால் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பதினான்கு வயதில், தான் ஒரு ஆளாக வேண்டும் என்ற வெறியில் போனார். 'கடற்கன்னி' கதை திருமணமான நடனக்காரி ஒருத்திக்கு எழுதிய காதல் கடிதமுமல்ல. 1837இல் வந்த அக்கதைக்குப் பின்னால், நண்பர் எட்வார்ட் கொலினின் திருமணம் அவருக்குத் தந்த துயரம் இருக்கிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1952இன் ஹொலிவூட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல இடமிருக்கவில்லை.

எமக்குள் விவாதம் மூண்டது டானி கேயின் நடிப்பைப் பற்றித்தான். டெனிஷ்காரரின் முறைப்பாடு நியாயமானது என்றார்கள் சிலர். அண்டர்சன் நெட்டையான, ஒடிசலான, பெரிய மூக்குள்ள மனிதர். தற்பெருமையும் தாழ்வுணர்ச்சியும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தவர். அவரைச் சிரித்த முகத்து ஊர் அப்பாவியாக்கிவிட்டார்கள். மற்றவர்களுக்கோ கேயின் அடக்கமே அதிசயமாக இருந்தது. நாக்குச் சுழலும் வேகப் பாட்டுகளுக்கும் முகச்சேட்டைகளுக்கும் பேர்போன கோமாளி அவர். இதில் குரலைத் தாழ்த்தி, உடம்பைக் கட்டுப்படுத்தி நடிக்கிறார். நோயால் தலை மழிக்கப்பட்ட சிறுவனுக்கு அசிங்கமான வாத்துக்குஞ்சின் கதையைப் பாட்டாகச் சொல்லும் காட்சியில், பையனின் முகத்தை விட்டு அவருடைய கண் விலகவில்லை. அந்த ஒரு காட்சிக்காக நாம் அவர் பக்கம் நிற்கத் தயார்.

இந்த விவாதம் எமக்குப் பழக்கமானதுதான். 1959இல் பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. சிவாஜி கணேசனின் கர்ஜனையை மிகைநடிப்பு என்றவர்களும் உண்டு, அதற்கு மேல் நடிப்பேயில்லை என்றவர்களும் உண்டு. கட்டபொம்மன் வீரனா என்பதே சண்டையாக இருந்த காலம். ம. பொ. சி. ஒரு பக்கம் அவரைத் தூக்கி நிறுத்த, கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் புத்தகமே போட்டார். 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட அந்தப் பாளையக்காரர் வெள்ளைக்காரனிடம் உண்மையில் என்ன பேசினார் என்று எமது பள்ளி மேடைகளில் எவரும் கேட்கவில்லை. சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தை மூச்சுவிடாமல் பேசியவனுக்குப் பரிசு கிடைத்தது, அவ்வளவுதான். அதே நெறியாளர், அதே நடிகர் 1961இல் வ. உ. சி.யின் வாழ்க்கையைக் 'கப்பலோட்டிய தமிழன்' என எடுத்தார்கள். வரலாற்றுக்கு அது எவ்வளவோ நெருக்கம், நடிப்பும் எவ்வளவோ அடக்கம். வெளிவந்தபோது ஓடவில்லை. ஆகவே ஆசிரியையின் முகம் கறுத்ததைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. ஒரு வித்தியாசம், கட்டபொம்மனின் வாயில் வசனம் வைத்தவர்கள் எமது ஆட்கள். அண்டர்சனுக்குப் பாட்டு வைத்தது கடலுக்கு அப்பாலிருந்த பெரிய நாடு. சிறிய மொழிக்காரருக்கு அது வேறுவிதமாக வலிக்கும்.

ஆனாலும் டெனிஷ்காரர் அந்தப் பாட்டை விற்கத் தயங்கவில்லை. 'அற்புதமான கொப்பன்ஹேகன்' என்ற பொருள்பட வரும் பாடலின் தலைப்பே தலைநகரின் சுற்றுலா நிறுவனத்துக்குப் பெயராகிவிட்டது. டானி கே அதில் நகரின் பெயரை உச்சரிக்கும் விதம் டெனிஷுமல்ல, ஆங்கிலமுமல்ல என்பது வேறு விடயம். 1983இல் டெனிஷ் அரசி அவருக்கு அரச கௌரவமும் வழங்கினார். (அந்த ஆண்டு எமக்கு நினைவிருப்பது வேறு காரணத்துக்காக.) அண்டர்சன் 1847இல் எழுதிய 'நிழல்' கதையில், நிழல் பிரிந்துபோய் மனிதனாகித் தன் எசமானையே தன் நிழலென்று சொல்லி ஒழித்துக்கட்டும். அந்தக் கதையை ஹொலிவூட் தொடவில்லை.

எமக்கு உண்மையில் உறுத்துவது இந்தப் பாட்டு வரும் காட்சிதான். கப்பல் துறைமுகத்தை அணுக, சப்பாத்துத் தைப்பவன் பாடிக்கொண்டே புதிய நகருக்கு வருகிறான். நகரம் அவனைச் சிரித்து வரவேற்கிறது.

அண்டர்சன் கொப்பன்ஹேகனுக்கு வந்த நாள் 1819 செப்ரெம்பர் 6. நகரில் அப்போது யூதர்களுக்கெதிரான கலவரம் நடந்துகொண்டிருந்தது. யூதர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. அடக்குவதற்குப் படையினரை இறக்க வேண்டியிருந்தது. தெருவெல்லாம் சனமும் கூச்சலுமாக இருந்ததைத் தன் சுயசரிதையில் அண்டர்சனே எழுதியிருக்கிறார். பெரிய பட்டணமென்றால் இப்படித்தான் இருக்குமென்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டான்.

இதை விட்டுவிட்டவர்கள் யார் என்று பாருங்கள். டானி கே, உக்ரேனிலிருந்து நியூயோர்க்குக்குப் பிழைக்க வந்த யூதத் தையற்காரரின் மகன். இயற்பெயர் கமின்ஸ்கி. கோல்ட்வின், வார்சோவின் யூத வறுமையிலிருந்து பதின்பருவத்தில் கிளம்பியவர். இப்படிப்பட்ட வருகை எத்தகையது என்று வேறு எவரை விடவும் அந்தக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததாலேயே பாட்டாக மாற்றினார்களோ என்னவோ. 1983 ஆடியில் கொழும்பில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எம்மவர் பலர், பிள்ளைகள் கேட்டால் கப்பலில் வந்த கதையைத்தான் சொல்கிறார்கள், கதவின் கதையையல்ல. அதனால் நாம் இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் டானி கேயின் முகத்தில் அந்தக் கூச்சலின் ஒரு சாயல் விழுந்திருந்தால், அந்த அடக்கமான நடிப்புக்கு எத்தனை ஆழம் கிடைத்திருக்கும்! நடிகரிடம் அது இருந்தது. படம் கேட்கவில்லை.

அந்த அச்சம் அண்டர்சனை விட்டுக் கடைசிவரை போகவில்லை. விடுதிகளில் தீப்பிடித்தால் யன்னலால் இறங்குவதற்கென்று பயணமெங்கும் ஒரு கயிற்றைக் கொண்டு திரிந்தார். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், 'இறந்ததுபோலத் தோன்றுகிறேன், அவ்வளவுதான்' என்ற பொருளில் படுக்கையருகே குறிப்பு எழுதி வைத்தார். 1875இல் அவர் கண்மூடியது மெல்கியோர் என்ற யூதக் குடும்பத்தின் வீட்டில்.

படத்தின் முடிவில் அண்டர்சன் ஓடென்சவுக்குத் திரும்பி வருகிறார். ஊரே அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கிறது. எமது பிள்ளைகளுக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. நாம் எதுவும் பேசவில்லை. உண்மையான அண்டர்சன் ஓடென்சவில் மறுபடி குடியிருக்கவேயில்லை. 1867 டிசம்பர் 6ஆம் திகதி கௌரவப் பிரசையாக்குவதற்கு அழைத்தபோது போனார். இரவில் தீப்பந்த ஊர்வலம் நகரமண்டபத்தின் முன்னால் வந்து நின்றது. அவர் யன்னலருகே போய் நின்றார். திறந்த யன்னலால் வந்த குளிர்காற்று பல்லில் பட்டு, கடும் பல்வலி. கீழே பாடினார்கள். எத்தனை பாட்டு மிச்சம் இருக்கிறதென்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.