கணிப்பொறியும் எழுதுகோலும்

கணிதப் புள்ளியியலைக் கணிப்பொறித் துணையுடன் பயில விழைவோர்க்கு ஏற்றதொரு நூல், லாரா சிஹாராவும் டிம் ஹெஸ்டர்பெர்க்கும் எழுதி 2011இல் வெளிவந்த 'மேதமேட்டிகல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வித் ரீசாம்பிளிங் அண்ட் ஆர்'. 'ஆர்' என்பது ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய கணிப்பொறி மொழி, விலையின்றிக் கிடைப்பது.

சூத்திரங்களை அடுக்கி மருட்டாமல், இரு கூட்டத்து எண்களைக் கலைத்துக் குலுக்கி, கண்ட வேறுபாடு தற்செயலா எனச் சோதிக்கும் முறையை முன்வைத்தது இந்நூலின் சிறப்பு. 1979இல் பிராட்லி எஃப்ரான் வகுத்த 'பூட்ஸ்டிராப்' என்னும் மீள்மாதிரி முறையும் இதில் விளக்கம் பெறுகிறது.

ஆயினும், கணிப்பொறி விடையே கல்வியாகிவிடாது. வெவ்வேறான 100 எண்களிலிருந்து, எடுத்ததைத் திரும்ப இட்டு, 100 முறை எடுப்போம். மிகப் பெரிய எண் அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு எனக் கணிப்பொறி காட்டும். ஏன்? ஒரு முறை தப்பும் வாய்ப்பு 0.99, நூறு முறையும் தப்பும் வாய்ப்பு அதன் நூறாம் அடுக்கு, அஃதாவது ஏறத்தாழ 0.37. இது எழுதுகோல் தரும் விடை. மீள்மாதிரிகளுட் பெரும்பாலானவை அதே எண்ணையே திருப்பித் தருவதால், முழுத்தொகுதியின் உச்சத்தை மதிப்பிட இம்முறை ஏலாது என்பதும் உடன் விளங்கும்.

ஆசிரியர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். விடையைக் கணிப்பொறி காட்டட்டும்; காரணத்தை மாணவர் எழுதட்டும்.