இறக்கத்தில் தெரியும் வண்டி

டூரிங் பைக் ஒன்றை எடைபோட ராமகுப்பத்தைவிட நல்ல இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பேன். ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் தொடுகிற மூலையில் இருக்கிற மேட்டுநிலம் இது. தெற்கே குப்பம், மேற்கே கோலார் தங்கவயல், கிழக்கே கௌண்டின்யா சரணாலயத்தின் காடு. வடக்கே வி.கோட்டா வரை தக்காளி லாரிகளோடு போட்டியிட்டுப் போகவேண்டும். அங்கிருந்து பேரணாம்பட்டுப் பக்கம் திரும்பினால் பத்தலப்பல்லி மலைப்பாதை நம்மை மேட்டிலிருந்து பாலாற்றுச் சமவெளிக்கு இறக்கிவிடும். அப்புறம் ஆம்பூர், தேசிய நெடுஞ்சாலை 48. குழி விழுந்த கிராமத்துச் சாலை, கொண்டை ஊசி வளைவு, ஆறுவழிச் சாலை எல்லாம் ஒரே காலைப்பொழுதில் கிடைத்துவிடும்.

வண்டி செய்கிற ஊர்களும் தூரமில்லை. மேற்கில் ஓசூரில் டி.வி.எஸ்.; பி.எம்.டபிள்யூவின் ஜி 310 ஜி.எஸ். உருவானதும் அங்கேதான். கிழக்கில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு. 1955இல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய நிறுவனம், இன்று தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே உலகுக்கு வண்டி அனுப்புகிறது. இந்த ஊர்களில் இரும்பை இழைத்துச் சேர்க்கிற கைகளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் ராயல் என்ஃபீல்டின் புது ஹிமாலயன் 450ஐ ஓட்டிப் பார்த்தேன்.

என்னிடம் இருப்பது பழைய ஹிமாலயன், 2016இல் அறிமுகமான வகை. 411 சிசி, ஐந்து கியர், சுமார் 24 குதிரைத்திறன். காகிதத்தில் படித்தால் யாரும் அசரமாட்டார்கள். அதன் அருமை பிஸ்டனின் போக்கில் இருக்கிறது. சிலிண்டரின் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86 மி.மீ. விட்டத்தைவிட ஓட்டம் நீளமான எஞ்சின் வேகமாகச் சுழல விரும்பாது. மெதுவாகச் சுழலும்போதே தாராளமாக இழுக்கும். முழு இழுவையான 32 நியூட்டன் மீட்டரும் 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள் கைக்கு வந்துவிடும். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை, முன்னால் புல்லுக்கட்டு ஏற்றிய டிராக்டர். மூன்றாவது கியரில் முப்பதில் ஊர்ந்துகொண்டே பத்தலப்பல்லி ஏற்றத்தை ஏறலாம். வண்டி திணறாது, கியரை மாற்று என்று உதறாது. மேட்டை நன்றாக அறிந்த வண்டி மாடு மாதிரி தன் நடையில் ஏறும். வேடிக்கை பார்த்துக்கொண்டே ஏறலாம் என்பது டூரிங் வண்டிக்குச் சின்னத் தகுதியா என்ன?

2023 நவம்பரில் வந்த 450 வேறு பிறவி. 452 சிசி, ராயல் என்ஃபீல்டின் முதல் நீர்க்குளிர்வு எஞ்சின். விட்டம் 84, ஓட்டம் 81.5 என்று கணக்கே தலைகீழ். இரண்டு வால்வு இருந்த இடத்தில் நான்கு. ஐந்து கியருக்கு ஆறு. 8,000 சுழற்சியில் 40 குதிரைத்திறன், 5,500இல் 40 நியூட்டன் மீட்டர். இவ்வளவு சேர்த்தும் எடை 196 கிலோ. பழையது 199. டேங்க் மட்டும் 15 லிட்டரிலிருந்து 17 ஆகியிருக்கிறது. கூடுதல் பெட்ரோலையும் சுமந்துகொண்டு மூன்று கிலோ இளைத்திருப்பது பொறியாளர்களின் கைத்திறன். எஞ்சினையே சட்டகத்தின் சுமைதாங்கும் அங்கமாக்கியிருக்கிறார்கள்.

ஷோரூம் டெஸ்ட் ரைடில் இதெல்லாம் தெரியாது. கடைவீதியில் ஒரு சுற்று, நேர்சாலையில் ஒரு முறுக்கு. இறங்கும்போது எல்லோர் முகத்திலும் சிரிப்பு. முறுக்கினால் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சுற்றில் உருப்படியாகப் பார்க்கக்கூடியவை மூன்றுதான்: நின்ற வண்டியில் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா, கிளட்ச் கைக்கு எவ்வளவு இலகு, நெரிசலில் ஊரும்போது சூடு தொடையைச் சுடுகிறதா. 450இன் சீட் உயரம் 825 மி.மீ., பழையதைவிட 25 கூட. குட்டையானவர்கள் இங்கேயே தீர்மானித்துவிடலாம். தாழ்ந்த சீட்டும் கிடைக்கிறது. மற்றதற்கெல்லாம் தெரிந்த சாலை வேண்டும். நண்பர் ஒருவர் தன் வண்டியைப் பெருந்தன்மையோடு கொடுத்ததால் எனக்கு அது வாய்த்தது.

முதலில் ஏற்றம். உண்மையைச் சொல்கிறேன், ஏற்றத்தில் எனக்குப் பழைய வண்டிதான் இனித்தது. 450 மூவாயிரம் சுழற்சிக்குக் கீழே கொஞ்சம் சிணுங்குகிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்தாகவேண்டும். மூவாயிரத்தைத் தாண்டிவிட்டால் பேச்சே வேறு. முந்த இடம் கிடைத்த கணத்தில் டிராக்டர் பின்னால் போய்விடுகிறது. ஆனால் மலைப்பாதையில் முந்துவதை ஒரு இன்பமாக நான் எண்ணியதில்லை.

இறக்கத்தில்தான் என் மனசு மாறியது.

மலை இறங்கும்போது வண்டியின் பாரமும் ஆட்களின் பாரமும் முன்சக்கரத்தின் மேல் சாயும். வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டதும் முன்பக்கம் அமுங்கும். அமுங்கிய நிலையில் ஒரு குழி வந்தால் ஃபோர்க்குக்கு வேலை செய்ய இடமிருக்காது, அடி நேராக மணிக்கட்டில் இறங்கும். 450இல் இருப்பது ஷோவா நிறுவனத்தின் தலைகீழ் ஃபோர்க். தடித்த வெளிக்குழல் மேலே, ஹேண்டிலுக்குப் பக்கத்தில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, 43 மி.மீ. உட்குழல் கீழே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறது. வளைகிற விசை அதிகமாகத் தாக்குகிற இடம் மேற்பகுதி. தடித்த குழல் அங்கே இருப்பதால் முன்பக்கம் முறுகுவதில்லை. முன்சக்கரம் எங்கே போகவேண்டும் என்று நினைத்தேனோ அங்கே போனது. நடுவில் ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. முன் டிஸ்க் 300 மி.மீ.இலிருந்து 320 ஆகியிருக்கிறது, பின்னது 240இலிருந்து 270. இரண்டு விரல் போதும். விரலின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

இன்னொன்று, காதால் ரசிக்கவேண்டியது. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு இரண்டாவது கியரில் வளைவுக்குள் இறங்குங்கள். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 11.5, பழையதில் 9.5. எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அவசரத்தில் இரண்டு கியரைச் சட்டென்று குறைத்தாலும் பின்சக்கரம் கீச்சிட்டுத் துள்ளுவதில்லை. அதற்கென்றே கிளட்ச் ஒரு இம்மி நழுவிக்கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பாதையோரக் கைப்பிடிச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கனத்த உறுமல் தணிந்து எழுவது கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பேரணாம்பட்டில் இறங்கியபோது, பின்னிருக்கையில் இருந்த என் மனைவி, “இடுப்பு வலிக்கலைங்க” என்றாள். பின்சக்கரத்தின் அசைவு 180 மி.மீ.இலிருந்து 200 ஆகியிருப்பதை அதைவிடத் தெளிவாக எந்த விமர்சகரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் சொல்வதற்கு அதிகமில்லை. நூறில் பழைய வண்டிக்கு இருக்கும் நடுக்கம், ஆறாவது கியரில் போகும் இதில் இல்லை. அவ்வளவுதான்.

குறையும் உண்டு. குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், “அண்ணா, உங்களுது ஸ்பேனர் வண்டி, இது லேப்டாப் வண்டி” என்றார். சரியான பேச்சு. ஒரே கேம்ஷாஃப்ட்டும் இரண்டு வால்வுமாக இருக்கிற பழைய எஞ்சினை நம்ம ஊர் மரத்தடியிலேயே பிரித்துப் பூட்டலாம். இரண்டு கேம்ஷாஃப்ட், ரேடியேட்டர், கேபிளே இல்லாத ஆக்சிலேட்டர் என்று வந்துவிட்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகவேண்டும். லடாக் கனவைவிட இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

வரியும் யோசிக்கவைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40. அதனால் 450இன் ஷோரூம் விலையே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டி.வி.எஸ். கொண்டுவந்த அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300, 299 சிசியில் 36 குதிரைத்திறன் தருகிறது. எடை 180 கிலோ. அறிமுக விலை இரண்டு லட்சத்துக்கு உள்ளே தொடங்கியது. தார்ச்சாலையை விட்டு இறங்காதவர்கள் அதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ராமகுப்பம் மண்டலத்தின் நன்னியாலா யானை முகாம் பக்கத்து மண்சாலைகளிலும் உருளவேண்டும் என்பவருக்கு ஹிமாலயனின் 21 அங்குல முன்சக்கரமும் 230 மி.மீ. தரை இடைவெளியும்தான் சரி.

நான் மாற்றப்போகிறேன். நாற்பது குதிரைத்திறனுக்காக மாற்றவில்லை. அதில் பாதியே இந்த மேட்டுநிலத்துக்குப் போதும். ஃபோர்க்குக்காகவும் பிரேக்குக்காகவும், பின்னால் உட்காருகிறவரின் இடுப்புக்காகவும் மாற்றுகிறேன். தனியாக, மெதுவாக, கிராமத்துச் சாலைகளிலேயே சுற்றுகிறவர் 411ஐ விற்கவேண்டாம். அந்த 411 சிசி எஞ்சினை இனி யாரும் செய்யப்போவதில்லை என்றே நினைக்கிறேன்.

நீங்களும் யோசனையில் இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் பின்னால் உட்காருகிறவரையும் வழக்கமான மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மலைப்பாதையில் இறங்கிப் பாருங்கள். வாங்குவது என்று முடிவாகிவிட்டால் ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். யானை நடமாடும் சாலையில், பொழுது சாயும் நேரத்தில், சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றிக்கொண்டு நிற்க முடியாது.