எடைக்கேற்ற காற்று

விலை குறைந்த ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள) மலை சைக்கிள்களில் பெரும்பாலும் சுருள்வில் ஃபோர்க்தான் இருக்கும். ஓட்டுபவர் 50 கிலோவோ 90 கிலோவோ, அதே வில்தான்.

ராக்‌ஷாக்ஸ் ஜூடி, சன்டூர் ரெய்டன் போன்ற காற்று ஃபோர்க்குகளின் அழகு இங்கேதான். சிறு பம்பு போதும். ஆளின் எடைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஏறி அமர்ந்ததும் 100 மி.மீ. ஃபோர்க் 15 முதல் 20 மி.மீ. வரை அமிழ்ந்தால் கணக்குச் சரி. குழாயில் மாட்டிய ரப்பர் வளையம் அதைக் காட்டிக்கொடுக்கும். ரீபவுண்ட் திருகு இருந்தால், கல்லில் மோதி அமுங்கிய ஃபோர்க் துள்ளாமல் நிதானமாக எழும்.

பழைய ஃபோர்க்குக்குப் பதிலாகக் காற்று ஃபோர்க் வாங்குமுன் அளவெடுப்பது முக்கியம். 34 மி.மீ. நேர்த் தலைக்குழாய்க்குள் 1⅛ அங்குல ஃபோர்க் தண்டுதான் நுழையும்; கீழே 1.5 அங்குலமாக விரியும் தண்டு நுழையாது. ஆக்சிலையும் பார்க்க வேண்டும். 15 மி.மீ. ஆக்சில் ஃபோர்க்கில் பழைய 9 மி.மீ. ஹப் பொருந்தாவிட்டால், முன்சக்கரச் செலவும் பட்ஜெட்டில் ஏறும்.