பின்னால் ஆள் இருந்தால்தான் பயணம்

மோட்டாரில் தனியாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. கெடாவின் யானிலிருந்து தெமெங்கோர் ஏரி வரை மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போய் வந்ததிலிருந்து இப்படித்தான். அப்படியொரு சுகம்!

வண்டி, மொடினாஸ் கிறிஸ். 111 சிசி. சிரிக்காதீர்கள்! ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம், நம் குரூண் தொழிற்சாலையில் உருவாகி 1996இல் வெளிவந்த வண்டி. நம் வீட்டுப் பிள்ளை மாதிரி. பெரிய மோட்டார்காரர்கள் நெடுஞ்சாலையில் பறக்கட்டும். மோட்டாருக்கு டோல் இல்லை என்பதற்காக அங்கே போய் லாரிப் புகையைக் குடிப்பானேன்? உள்சாலைக்கு ஈடே கிடையாது.

யான் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு பக்கம் 1,217 மீட்டர் உயரத்துக்கு ஜெராய்; மறுபக்கம் வயல், அதற்கப்பால் கடல். குவார் செம்பெடாக், குரூண் தாண்டியதும் பால் மரங்கள் தொடங்கிவிடும். ஜெனியாங், சிக், பாலிங் என்று விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். போனால் பிப்ரவரியில் போக வேண்டும். கெடாவில் மழை ஓய்ந்திருக்கும். பால் மரத்து இலையெல்லாம் சிவந்து உதிரும். தோட்டமே செம்பு நிறத்தில் நிற்கும். அடடா!

என் மனைவி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு ரோட்டில் கண். அவளுக்கு மரத்தில் கண். “ஏங்க, பட்டையை எப்படிக் காயம் பண்ணி வச்சிருக்கான் பாருங்க! எங்கம்மா பார்த்திருந்தா கத்தியைப் பிடுங்கியிருக்கும்” என்று காதருகில் குரல். ஆழமாக வெட்டினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அதில் ஒழுங்காகக் கோடு போட முடியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தனியாகப் போயிருந்தால் எனக்கு அது வெறும் காடு.

இரண்டு பேர் ஏறினால் வண்டியின் குணமே மாறும். பின் சக்கரத்துக்குக் காற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பையைப் பின்பக்கப் பெட்டியில் திணித்தால் முன்சக்கரம் லேசாகிவிடும். கனமானதை முன்னால், முட்டிகளுக்கு நடுவே வைப்பதுதான் சரி. வளைவில் பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் சாயவே கூடாது, நம்மோடு சேர்ந்து சாய வேண்டும். சிக் தாண்டுவதற்குள் என் மனைவிக்கு அது கைவந்துவிட்டது. முதுகில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பேச்சே தேவையில்லை!

பாலிங்கில் சுண்ணாம்புமலை தெரிகிற கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் பசியாறினோம். 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். சமாதானம் கூடவில்லை. ரொட்டி பிரமாதம்.

குரோ வழியாகக் கிரிக் போய்விட்டால் அதன்பிறகு 1982இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. காலைப் பனியில் ஏற வேண்டும். மேட்டில் இரண்டாம் கியருக்கு இறங்கி முனகினாலும் கிறிஸ் நிற்கவில்லை. யானை படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகளை நான் வேடிக்கைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் இரண்டு தட்டு. “ஏங்க, ஆனைச் சாணி! ஆவி பறக்குது!” மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. அந்தச் சில நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். அப்புறம் தெமெங்கோர் ஏரியின் பண்டிங் பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள். மனைவி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பாலத்தோரம் நின்றவள், கிளம்பவே மாட்டேன் என்றாள்.

கிரிக்கிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அந்த ரோட்டில் போகாதீர்கள், ஆனை நடமாடும் நேரம். பின்னால் உட்கார ஆள் இல்லை என்கிறீர்களா? பிப்ரவரிக்குள் அதற்கு ஒரு வழி பாருங்கள்.