அரிவாள் அணு மலேரியாவைத் தடுக்கிறதா?

"அரிவாள் அணு உடையவருக்கு மலேரியா வராது" என்று நீங்கள் படித்திருக்கலாம். இக்கருத்துக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது, 1954-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அந்தனி அலிசன் எழுதிய ஆய்வுக் கட்டுரை. அதன் நிறைகுறைகளைச் சற்றே ஆராய்வோம்.

ஹீமோகுளோபினுக்குரிய மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு வருகிறது. இரண்டுமே அரிவாள் வகையானால் கடும் இரத்தசோகை உண்டாகும். ஒன்று மட்டும் அவ்வாறிருந்தால் பெரும்பாலும் நோய் தோன்றாது. இதை அரிவாள் அணுக்கூறு என்பர். அலிசன் ஆராய்ந்தது இத்தகையோரையே.

உகாண்டாவில் 290 குழந்தைகளின் இரத்தத்தை அவர் சோதித்தார். அணுக்கூறு உடைய 43 பேரில் 12 பேரிடமும், இல்லாத 247 பேரில் 113 பேரிடமும் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. அதாவது, முறையே சுமார் 28, 46 சதவீதம். கட்டுரையின் வலுவான பகுதி இதுவே.

அடுத்த பகுதிதான் நெருடுகிறது. லுவோ இனத்து ஆண்கள் 30 பேருக்கு வேண்டுமென்றே மலேரியா ஏற்றப்பட்டது. அணுக்கூறு இல்லாத 15 பேரில் 14 பேருக்கு நோய் பற்றியது. உடைய 15 பேரில் இருவருக்கே பற்றியது. தன்னார்வலரே ஆயினும், மனிதருக்கு இவ்வாறு நோயை ஏற்றலாமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். இவர்கள் மலேரியா மிகுந்த நாட்டில் வளர்ந்தவர்கள். காத்தது மரபணுவா, முன்பே பெற்ற நோய் எதிர்ப்பாற்றலா? இச்சோதனையால் இரண்டையும் பிரித்துக் காட்ட இயலவில்லை.

இதற்கு விடை தேட 2005-இல் வெளியான கென்ய ஆய்வு உதவுகிறது. அணுக்கூறு தரும் பாதுகாப்பு முதல் இரண்டு வயதில் 20 சதவீதமாகவும், பத்து வயதளவில் 56 சதவீதமாகவும் இருந்தது. மரபணு வயதோடு மாறுவதில்லை, வளர்வது எதிர்ப்பாற்றல். எனவே, இம்மரபணு தனித்து மட்டும் காப்பதில்லை, எதிர்ப்பாற்றல் விரைந்து வளரவும் துணைசெய்கிறது என்று கருத இடமுண்டு.

ஆகவே, அலிசன் கண்ட தொடர்பு உண்மையே. "வராது" என்ற சொல்தான் பிழை. அணுக்கூறு உடையோருக்கும் தொற்று உண்டாகலாம். குறைவது பெரும்பாலும் நோயின் கடுமையே. இரு மரபணுக்களும் அரிவாள் வகையானோருக்கோ மலேரியா உயிருக்கே ஆபத்து.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இம்மரபணு இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது. "வராது" என்பதை நம்பி ஒருவர் மருந்தைத் தவிர்த்தால் என்னாகும்? உங்கள் குறிப்பேட்டில் அச்சொல் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். "வரலாம், ஆனால் கடுமையாவது குறைவு" என்று எழுதிக்கொள்ளுங்கள்.