எட்டுக் கால் ஐ.சி.யும் எலெக்ட்ரிக் கிதாரும்

எல்எம்386 ஐ.சி.யை யாரும் கிதாரை மனத்தில் வைத்து வடிவமைக்கவில்லை. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் அதைச் சின்ன ரேடியோ, இன்டர்காம், டேப் பிளேயர் போன்ற பேட்டரிக் கருவிகளுக்காகத்தான் தயாரித்தது. எட்டுக் கால்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு வாட்டுக்கும் குறைவான சத்தம். அவ்வளவுதான். ஆனாலும் முதன்முதலாக சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கும் கிதார் பிரியர்கள் பலர் செய்து பார்ப்பது இந்த ஐ.சி. ஆம்ப்பைத்தான்.

விலை மலிவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

1, 8 ஆகிய கால்களுக்கு நடுவே எதையும் இணைக்காவிட்டால் ஐ.சி. சிக்னலை 20 மடங்கு பெருக்கும். அந்த இடத்தில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் செருகினால் 200 மடங்கு. பிரெட்போர்டில் செய்து பார்ப்பவருக்கு வித்தியாசம் உடனே கேட்கும்: அதுவரை தெளிவாக ஒலித்த தந்தி உறுமத் தொடங்கும். 9 வோல்ட் பேட்டரியில் வெளியீட்டுக் கால் சும்மா இருக்கும்போது 4.5 வோல்ட்டில் நிற்கிறது. மேலே ஏறவும் கீழே இறங்கவும் அதற்கு ஏறக்குறைய அவ்வளவுதான் இடம். பெருகிவரும் அலை அந்த எல்லையில் முட்டித் தலை மழுங்குகிறது. மழுங்கிய அலையில் மூலத்தில் இல்லாத புதிய ஹார்மானிக்ஸ் முளைக்கின்றன. ரேடியோ எஞ்சினியர் தவிர்க்கப் பாடுபடும் இந்தக் கோளாறுக்குக் கிதார்காரர்கள் வைத்த பெயர் ஓவர்டிரைவ்.

அடுத்தது உள்ளீடு. மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய பிக்கப்பை, 50 கிலோஓம் மட்டுமே உள்ள இந்த ஐ.சி.யின் உள்ளீட்டில் நேரடியாகக் கோத்தால் சுமை தாங்காமல் மேல்ஸ்தாயி மங்கிவிடும். 'ரூபி' என்ற புகழ்பெற்ற சர்க்யூட் முன்வாசலில் எம்பிஎஃப்102 என்ற ஜேஃபெட் டிரான்சிஸ்டரை நிறுத்துகிறது. அது சத்தத்தைக் கூட்டுவதில்லை. பிக்கப்பின் மேல் விழும் பாரத்தை மட்டும் குறைக்கிறது. மெல்லிய தந்திகளின் பளபளப்பு திரும்பக் கிடைக்கிறது.

வெளியீட்டில் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் அந்த 4.5 வோல்ட்டைத் தடுத்து, இசையின் அசைவை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகிறது. பக்கத்திலேயே 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் ஜோடியாக நின்று, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களில் ஐ.சி. தானாக அலைபாயாமல் பார்த்துக்கொள்கின்றன.

இதே ஐ.சி. ஆம்ப்புக்கு ஸ்பீக்கரை மாற்றினால் குணமே மாறிவிடும். புரூஸ் ஜின்கியின் 'ஸ்மோக்கி' ஆம்ப் சிகரெட் பாக்கெட்டுக்குள் அடங்குவது. அதன் குட்டி ஸ்பீக்கரில் ஒலி டப்பாத்தனமாக இருப்பது இயல்பு, அதற்கென்றே ரசிகர்களும் உண்டு. அதையே 12 அங்குல கிதார் கேபினெட்டில் இணைத்தால், 82 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த ஈ தந்திக்கும் உடம்பு வந்துவிடுகிறது. கிதார் ஸ்பீக்கர்கள் பல ஒரே வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கக்கூடியவை. அரை வாட் ஆம்ப் அறையை நிறைப்பதில் அதிசயமில்லை.

வால்வு ஆம்ப் பிரியர்கள் 1950களின் ஃபெண்டர் சாம்ப்பைக் கொண்டாடுவதும் இந்த எல்லை முட்டலுக்காகத்தான். ஏறக்குறைய 5 வாட், ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு. ஆனால் அதற்குள் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும். கற்றுக்குட்டிகள் கைவைக்கும் இடமல்ல அது.

9 வோல்ட்டில் தாராளமாக விளையாடலாம். பேட்டரி இறங்க இறங்க எல்லையும் சுருங்கும், முன்பு தெளிவாக ஒலித்த மீட்டலும் உறுமத் தொடங்கும். இந்த ஐ.சி.யின் சாதாரண ரகங்கள் 4 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும் என்பதால், பாதி தீர்ந்த பேட்டரியைத் தூக்கிப்போடாமல் அந்தக் கரகரப்புக்கென்றே எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.