எழுதப்படாத அத்தியாயம்

வேடந்தாங்கலைப் பற்றி எழுதுவோர், கூடு கட்டவரும் பறவைகள் அஞ்சலாகாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத அவ்வூராரின் பொறுமையைப் போற்றாமல் விடுவதில்லை. போற்றத்தக்கதே. அவ்வூர் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மக்கள் மனித குலத்திற்காகக் காட்டிய பொறுமையும் ஒன்று உண்டு. தடுப்பூசியைப் பற்றித் தமிழில் நாம் படித்த நூல்கள் அதைச் சொல்லவில்லை. அக்குறையையே இங்கு எடுத்துப் பேச விழைகிறோம்.

அந்நூல்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. 1796-இல் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புள நீரை ஒரு சிறுவனுக்கு ஏற்றுகிறார்; 1885-இல் பாஸ்டர் வெறிநாய் கடித்த சிறுவனைக் காக்கிறார். வலிமை குன்றிய கிருமியை உடல் முன்பே அடையாளங்கண்டு, மெய்யான பகை வரும்போது நினைவுகூர்ந்து எதிர்க்கிறது என்னும் விளக்கமும் தெளிவாகவே தரப்படுகிறது. ஆயினும், அறிஞர் ஒருவர், வெற்றி ஒன்று என்று கதை முடிந்துவிடுகிறது. மருந்தின் பயனை இறுதியில் எளிய மக்களின் உடல்களே சொல்லியாக வேண்டும் என்பது மறைந்துபோகிறது.

கால்மெட், குவேரன் இருவரும் 13 ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பு மருந்து, 1921-இல் முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்டது. பிரிட்டன் சோதனையில் அதன் பயன் ஏறத்தாழ 80 விழுக்காடு. அமெரிக்கச் சோதனை ஒன்றிலோ மிகக் குறைவு. இவ்வையத்தைத் தீர்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பெருஞ்சோதனை ஒன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ 2,80,000 பேர் கை நீட்டினர். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். எவருக்கு எது என்பது இட்டவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் அவர்களின் சளியும் எக்ஸ்ரே படங்களும் ஆராயப்பட்டன.

1999-இல் வெளிவந்த நிறைவு அறிக்கை சுற்றிவளைக்கவில்லை. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 விழுக்காடு, அதுவும் உறுதியற்றது என்றது. தோல்வியை மறைக்காத இந்நேர்மையை நாம் வணங்குகிறோம். அச்சோதனை அளந்தது நுரையீரல் காசநோயையே. மழலையரை மூளைக்காசத்திலிருந்து காப்பதில் இம்மருந்தின் பயனை வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அது இடப்படுகிறது, இடப்படவும் வேண்டும்.

ஆனால் அறிவியல் அறிக்கை எண்களின் மொழியில் பேசுவது. வெறும் நீர்மத்தைப் பெற்றுக்கொண்டு, அழைத்தபோதெல்லாம் வந்து நின்ற உழவனும் கூலிப்பெண்ணும் அதில் முகம் பெறுவதற்கில்லை. அம்முகத்தைத் தருவது இலக்கியத்தின் கடன். நம் எழுத்தாளர்கள் அதைச் செய்யவில்லை. வெற்றிக்கதை அன்று என்பதாலா? பயனற்றதைப் பயனற்றது என்று உலகம் அறிந்துகொண்டதும் ஒரு கொடைதானே!

அன்று சிறுவராய்க் கை நீட்டியோர் இன்று அறுபதைத் தொட்டுவிட்டனர். அவர்கள் நினைவு மங்குமுன் எவரேனும் அக்கிராமங்களுக்குச் சென்று கேட்டெழுதுவார்களாயின், தமிழ் அறிவியல் நூல்களில் விடுபட்ட அத்தியாயம் நிரம்பும்.